திறக்காத கடிதம் திறந்தது எப்படி?

ஒரு பதிப்பகம் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைப் பதிப்பகம்தான், ஆனால் இதில் நடப்பது எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடியது. முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள். ஆசிரியர் குழு, விற்பனை, கணக்கு, அச்சு என்று நான்கு பிரிவுகள். வெளியுலகத்துக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி. எழுத்தாளர் நாவலை அனுப்புவதும் அதற்குத்தான், கடைக்காரர் ஐம்பது பிரதி கேட்பதும் அதற்குத்தான், காகித வியாபாரி பில் அனுப்புவதும் அதற்குத்தான்.

ஒரு நாள் காலை, ஆசிரியர் குழுவைச் சேர்ந்தவர் அந்த அஞ்சல்பெட்டியைத் திறக்கிறார். நாவல் ஒன்று அனுப்பியிருப்பதாக எழுத்தாளர் முந்தின நாள் போனில் சொல்லியிருந்தார். பெட்டியில் தடித்த எழுத்தில் ஒன்றும் இல்லை. புதிதாக ஏதும் வரவில்லை என்று நினைத்துத் தேநீர் குடிக்கப் போகிறார். பத்து நாள் கழித்து எழுத்தாளர் கோபமாக அழைக்கிறார். தேடிப் பார்த்தால் கடிதம் அங்கேயேதான் இருக்கிறது, மெல்லிய எழுத்தில், ‘படித்தாயிற்று’ என்ற கோலத்தில். கணக்குப் பிரிவில் ஒருவர் அதற்கு முந்தின இரவே ஏதோ பில்லைத் தேடும்போது அதைத் திறந்திருக்கிறார். நமக்கானது இல்லை என்று மூடிவிட்டுப் போயிருக்கிறார். எதையும் அழிக்கவில்லை, எதையும் நகர்த்தவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

அந்தப் பார்வையே கடிதத்தைக் காணாமல் போக்கிவிட்டது.

படிப்பது எதையும் மாற்றாத செயல் என்றுதான் நாம் நினைக்கிறோம். நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டினால் அடுத்தவருக்கு அது தேய்ந்து போவதில்லை. மின்னஞ்சலில் அப்படியில்லை. அங்கே படிப்பது என்பது ஒரு குறி எழுதுவதும்தான். தனிப்பெட்டியில் இது தெரியாது, ஏனென்றால் எழுதுகிறவரும் நாமே, அந்தக் குறியைப் பார்க்கிறவரும் நாமே. பெட்டியைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளும்போதுதான் ஒரு செயலுக்குள் இரண்டு செயல்கள் ஒட்டிக்கொண்டிருந்தது வெளிச்சத்துக்கு வருகிறது. பொது அஞ்சல்பெட்டியை நிர்வகிப்பதன் சூட்சுமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பேன்: ஒரே செயல் என்று நாம் நினைப்பதைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பது.

காகிதக் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. காகிதமே காவல்காரனாக இருந்தது. அரசு அலுவலகத்துக்குத் தபால் வந்தால் முத்திரை குத்துவார்கள், யாருடைய பொறுப்போ அவருடைய தன்பதிவேட்டில் எண் ஏறும், தாள் அவர் மேஜைக்குப் போகும். ஒரு தாள் ஒரு நேரத்தில் ஒரு மேஜையில்தான் இருக்க முடியும். ‘கோப்பு யாரிடம் இருக்கிறது’ என்ற கேள்விக்கு ஒரே ஒரு விடைதான். மின்னஞ்சல் அந்த வசதியைப் பறித்துக்கொண்டது. ஒரே கடிதம் ஒரே நொடியில் பத்துத் திரைகளில் இருக்கிறது. எந்த மேஜையும் அதற்குப் பொறுப்பில்லை.

கடிதம் எங்கே தங்குகிறது என்பதும் முக்கியம். பாப் என்ற பழைய முறையில், கணினி போய் சர்வரிலிருந்து கடிதங்களை அள்ளிக்கொண்டு வந்துவிடும். குடத்தை எடுத்துப் போய்த் தண்ணீர் கொண்டுவருவது போல. வீட்டுக்கு வந்த பிறகு அது என் வீட்டுத் தண்ணீர். 1986-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கிய ஐமேப் முறை வேறு மாதிரி. கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும். நாம் கிணற்றடிக்குப் போய் அங்கேயே குடித்துவிட்டு வருகிறோம். கிணறு பொதுவாக இருந்தால்தான் வாளியை எங்கே வைப்பது, யார் இறைப்பது என்ற பேச்செல்லாம் வரும். பகிர்ந்த கோப்புறை என்ற எண்ணத்துக்கே இந்தக் கிணற்றடி ஏற்பாடுதான் இடம் கொடுத்தது.

பொதுப்பெட்டியைப் பகிர எல்லாரும் முதலில் கையாளும் வழி, கடவுச்சொல்லைச் சொல்லிவிடுவது. மானிட்டரின் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டியிருப்பார்கள். இதன் குறை, ரகசியம் வெளியே கசியும் என்பது மட்டும் அல்ல. பத்துப் பேரும் ஒரே ஆளாகத் தெரிவதால் சர்வருக்கு ஆட்களைப் பிரித்தறிய வழியே இல்லாமல் போகிறது. யார் அழித்தார் என்று கேட்டால் ‘நீங்கள்தான்’ என்று பத்துப் பேரிடமும் சொல்லும்.

ஒரே அடையாளத்தைப் பலர் பகிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு, மின்னஞ்சல் பிறந்த இடத்திலேயே ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சி.டி.எஸ்.எஸ். என்ற கணினி அமைப்பு இருந்தது. ஒரே பெரிய கணினியைப் பலர் தட்டச்சு முனையங்கள் வழியாக ஒரே சமயத்தில் பயன்படுத்தலாம். 1965-இல் டாம் வான் வ்லெக், நோயல் மாரிஸ் இருவரும் அதில் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்ப ‘மெயில்’ என்ற கட்டளையை எழுதினார்கள். அந்தக் காலகட்டத்தில் ஒரு நாள், கணினிக்குள் நுழைந்தவர்களுக்கெல்லாம் வழக்கமான வரவேற்புச் செய்திக்குப் பதிலாக, எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பு முழுவதும் கடகடவென்று அச்சாகி வந்தது. அந்த அமைப்பின் தலைமைச் சிற்பி ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ, 1990-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதை ஏற்று ஆற்றிய உரையில் இதை ஒளிக்காமல் சொன்னார்.

காரணம் எளியது. கணினியைப் பராமரித்தவர்கள் பலர் ஒரே பயனர் கணக்கைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். கோப்பைத் திருத்தும் நிரல், தற்காலிகப் பிரதிக்கு எப்போதும் ஒரே பெயரை வைக்கும். ஒரு கணக்கில் ஒருவர்தான் இருப்பார் என்பது அதை எழுதியவர்களின் அனுமானம். அன்று ஒருவர் வரவேற்புச் செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தார், அதே நேரத்தில் இன்னொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு தற்காலிகப் பிரதிகளும் ஒரே பெயரில் மோதி இடம் மாறிவிட்டன. திருடன் யாரும் வரவில்லை. இரண்டு நல்ல மனிதர்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டார்கள், கணினிக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சி.டி.எஸ்.எஸ்.ஸுக்கு அடுத்து அதே எம்.ஐ.டி. குழு, பெல் ஆய்வகம், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஆகியவை சேர்ந்து மல்டிக்ஸ் என்ற அமைப்பைத் திட்டமிட்டன. 1965-இல் வெளியான அதன் கட்டுரைகளில் ஒன்றில், டேலி, நியூமன் இருவரும் ஒவ்வொரு கோப்புடனும் ஒரு பட்டியல் ஒட்டியிருக்க வேண்டும் என்றார்கள்: யார் யார் இதை என்னென்ன செய்யலாம் என்ற பட்டியல். இன்று இதை அணுகல் பட்டியல் என்கிறோம். கல்யாண மண்டபத்து ஸ்டோர் ரூம் கதவில் ‘சமையல்காரர் உள்ளே போகலாம், எடுக்கலாம், பெண் வீட்டுப் பெரியப்பா பார்க்கலாம், மற்றவர்கள் கூடாது’ என்று சீட்டு ஒட்டி, அருகே ஆளை அடையாளம் தெரிந்த ஒரு காவலாளியை நிறுத்துவது மாதிரி. சாவி யாரிடமும் கிடையாது. அவரவர் அவரவராகவே வந்து நிற்கிறார்கள், காவலாளி சீட்டைப் பார்த்து விடுகிறார் அல்லது மறிக்கிறார்.

சாவிக்கும் சீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட முடியும், நகல் எடுக்கவும் முடியும். சீட்டில் இருக்கும் பெயரை யாரும் கடன் கொடுக்க முடியாது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் பூட்டை மாற்ற வேண்டாம். ஒரு வரியை அடித்தால் போதும். மற்ற ஒன்பது பேருக்கும் புதுக் கடவுச்சொல் சொல்லித் திரியும் வேலை இல்லை.

இனி, அந்தச் சீட்டில் என்ன எழுதுவது? ‘பார்க்கலாம், எடுக்கலாம்’ என்பது போதுமா? இங்கேதான் அஞ்சல்பெட்டி மற்றக் கோப்புகளிலிருந்து விலகுகிறது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் உள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகம், ஐ.பி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து 1980களில் ஆண்ட்ரூ என்ற திட்டத்தை நடத்தியது. வளாகம் முழுவதற்கும் ஒரே கோப்புக் கிடங்கு. (கார்னெகி, மெலன் இருவருடைய முதற்பெயரும் ஆண்ட்ரூதான், பெயர் வைக்க அதிகம் யோசித்திருக்க மாட்டார்கள்.) அந்தக் கிடங்கில் ஒவ்வோர் உரிமைக்கும் ஓர் ஆங்கில எழுத்து: எல் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று காண்பது, ஆர் என்றால் வாசிப்பது, ஐ என்றால் புதிதாக இடுவது, இப்படி ஏழு எழுத்துகள். வளாகத்தின் பொது அறிவிப்புப் பலகைகளும் அஞ்சல்களும் அந்தக் கிடங்கிலேயே இருந்தன. பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் சைரஸ் என்ற ஐமேப் சர்வர் உருவானது. 1997 ஜனவரியில், அங்கிருந்த ஜான் மையர்ஸ், ஐமேப்புக்கான அணுகல் பட்டியல் விதிகளை, இணைய நெறிமுறைகளுக்கான ஆர்.எஃப்.சி. வரிசையில் ஆர்.எஃப்.சி. 2086 என்ற ஆவணமாக வெளியிட்டார். அதில் ஒன்பது எழுத்துகள். எல், ஆர், ஐ, டபிள்யூ, டி, ஏ என்று ஆண்ட்ரூ எழுத்துகளில் ஆறு அப்படியே இருக்கின்றன. பேரன் முகத்தில் தாத்தா மூக்கு தெரிவது போல, பரம்பரை அந்த எழுத்துகளிலேயே தெரிகிறது.

புதிதாக வந்த எழுத்துகளில் ஒன்று எஸ். நம்முடைய காணாமல் போன நாவலுக்கு மருந்து அதில்தான் இருக்கிறது.

ஆர் என்பது கடிதத்தை வாசிக்கும் உரிமை. எஸ் என்பது ‘கண்டேன்’ என்ற குறியை நிலையாகப் பதித்துவைக்கும் உரிமை. இரண்டும் தனித்தனி. கணக்குப் பிரிவுக்கு ஆர் மட்டும் கொடுத்து எஸ் கொடுக்காமல் விட்டால், அவர்கள் எத்தனை முறை திறந்து பார்த்தாலும் கடிதத்தின் மேல் தடயம் நிற்காது. காலையில் ஆசிரியர் குழு வரும்போது நாவல் தடித்த எழுத்தில்தான் இருக்கும். ‘படிப்பது’ என்ற ஒரு சொல்லை இரண்டாக வெட்டிய அந்த எழுத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஐமேப் மொழியிலேயே குறி எதுவும் வைக்காமல் கடிதத்தை எடுத்துத் தரும்படி கேட்க ஒரு தனி வழி உண்டு. அதற்கு வைத்திருக்கும் பெயரே ‘பீக்’, அதாவது எட்டிப் பார்த்தல். கதவிடுக்கில் கண் வைப்பதற்கும் நெறிமுறையில் ஒரு சொல் வேண்டியிருந்திருக்கிறது.

சைரஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொதுக் கோப்புறையில் ‘கண்டேன்’ குறியை ஆளுக்கு ஆள் தனியாக வைத்துக்கொள்ளும். நான் படித்தது எனக்கு மெலிந்து தெரியும், உங்களுக்குத் தடித்தே இருக்கும். ஆனால் ‘பதில் எழுதியாயிற்று’ என்ற குறி எல்லாருக்கும் பொது. இதில் ஒரு நல்ல தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. நான் படித்தேனா என்பது என் சொந்த விஷயம். பதில் போயிற்றா என்பது அலுவலகத்தின் விஷயம். பதில் குறியும் தனித்தனி என்றிருந்தால், ஒரே எழுத்தாளருக்கு ஐந்து பேர் ஐந்து விதமாகப் பதில் எழுதி, ஒருவர் நாவலை ஏற்று இன்னொருவர் நிராகரித்திருப்பார். எல்லா அஞ்சல் அமைப்புகளும் இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. அலுவலகங்களில் பரவலாக இருக்கும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சின் பகிர்வு அஞ்சல்பெட்டியில், ஒருவர் படித்தால் எல்லாருக்கும் படித்ததாகவே தெரியும். உங்கள் அலுவலகத்துப் பெட்டி எந்த ஜாதி என்று அறிய எந்தக் கையேடும் வேண்டாம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் திறந்தால் மற்றவர் திரையில் எழுத்து மெலிகிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிடத்துப் பரிசோதனை.

அழிப்பதிலும் இதே மாதிரி ஒரு வெட்டு உண்டு. நாம் அழி பொத்தானை அழுத்தும்போது, ஐமேப்பில் கடிதம் உடனே போய்விடுவதில்லை. ‘போகட்டும்’ என்ற குறி மட்டும் அதன் மேல் ஏறுகிறது. பிறகு ‘துடை’ என்ற கட்டளை வரும்போதுதான் நிஜமாகவே நீங்கும். பழைய செய்தித்தாளைக் கட்டி மூலையில் வைப்பது ஒன்று, பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவது வேறொன்று; கட்டியதைப் பிரித்து வேண்டிய பக்கத்தை எடுத்துக்கொள்ள இடையில் நேரம் இருக்கிறது. 1997-இன் விதியில் இரண்டுக்கும் சேர்த்து டி.யாகிய ஒரே எழுத்துதான் இருந்தது. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்த பிறகு, 2005 டிசம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 4314 அதை உடைத்தது: குறி வைக்க ஓர் எழுத்து, துடைக்க ஓர் எழுத்து, கோப்புறையையே ஒழிக்க இன்னோர் எழுத்து. ஒன்பது பதினொன்றாயிற்று. விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன் கட்டி வைக்கட்டும், எடைக்குப் போடுவது மேலாளர் வேலை என்று இப்போது சொல்ல முடியும். அனுபவம் எப்படி விதியாகிறது என்பதற்கு, இரண்டு ஆவணங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மற்ற எழுத்துகளில் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐ மட்டும் இருந்து ஆர் இல்லாவிட்டால், அந்தக் கோப்புறை உங்களுக்குத் தெருமுனைச் சிவப்புத் தபால்பெட்டி: போடலாம், எடுக்க முடியாது. புகார்ப் பெட்டிக்கு ஏற்றது. எல் இல்லாவிட்டால் கோப்புறை இருப்பதே தெரியக் கூடாது. பெயரைச் சரியாக ஊகித்துக் கேட்டாலும் ‘அப்படி ஒன்று இல்லை’ என்றுதான் சர்வர் சொல்ல வேண்டும், ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று அல்ல. வேடிக்கையாகத் தோன்றலாம். ‘ஆட்குறைப்பு’ என்று ஒரு கோப்புறைக்குப் பெயர் இருந்தால், உள்ளே ஒரு கடிதமும் படிக்காமலே அலுவலகம் முழுவதற்கும் சேதி தெரிந்துவிடும் அல்லவா?

படிப்பது வேறு, பிறர் பெயரில் பேசுவது வேறு. பதிப்பாளரின் பெட்டியைப் பார்க்க உதவியாளருக்கு உரிமை இருக்கலாம். பதிப்பாளராகவே பதில் எழுதலாமா? அரசுக் கடிதங்களில் ‘மாவட்ட ஆட்சியருக்காக’ என்று போட்டு வேறொருவர் கையெழுத்திடுவதைப் பார்த்திருப்பீர்கள். மின்னஞ்சலிலும் 1982-இன் ஆர்.எஃப்.சி. 822 காலத்திலேயே, யாருடைய கடிதம் என்பதற்கு ஒரு வரியும் யார் அனுப்பியது என்பதற்கு இன்னொரு வரியும் தனித்தனியாக இருந்தன. எக்ஸ்சேஞ்சில் ‘அவராகவே அனுப்பு’, ‘அவர் சார்பில் அனுப்பு’ என்று இரண்டு உரிமைகள் இருப்பது இந்தப் பழைய வித்தியாசத்தின் தொடர்ச்சிதான்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் பதிப்பகத்தில் 30 பேர். ஆர்டர்கள், கையெழுத்துப் பிரதிகள், ராயல்டி, புகார், காகிதம் என்று 20 கோப்புறைகள் என்று கொள்வோம். ஆட்களை இடப்பக்கம் வரிசையாகவும் கோப்புறைகளை மேலே நிரலாகவும் எழுதிக் கட்டம் போட்டால் 600 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பதினோர் உரிமைக்கும் ஆம், இல்லை என்று எழுத வேண்டும். மொத்தம் 6,600 முடிவுகள். இந்தக் கட்டத்தாளை 1971-இல் பட்லர் லாம்ப்சன் தம் கட்டுரையில் முறைப்படி வகுத்தார். பள்ளிக் கணிதத்தில் வரும் அணிதான். அணுகல் அணி எனலாம். இது எங்கும் முழுதாக எழுதி வைக்கப்படுவதில்லை. நிரல் நிரலாக வெட்டி, ஒவ்வொரு நிரலையும் அந்தந்தக் கோப்புறையோடு ஒட்டிவைத்தால் அதுவே அணுகல் பட்டியல். வரிசை வரிசையாக வெட்டி ஒவ்வோர் ஆளின் கையில் கொடுத்தால் அது சாவிக்கொத்து.

எப்படி வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து, எந்தக் கேள்வி சுலபம், எது கடினம் என்பது மாறும். நிரலாக வெட்டினால், ‘ராயல்டி கோப்புறையை யார் யார் பார்க்கலாம்’ என்பதற்கு ஒரு சீட்டைப் பார்த்தால் போதும். ‘இந்த மாதம் விலகிப் போகிற இவர் எதையெல்லாம் பார்க்க முடிகிறது’ என்று கேட்டால் இருபது சீட்டுகளையும் புரட்ட வேண்டும். அலுவலகங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில்தான். ஆறு மாதம் முன்பு போனவரின் பெயர் ஏதோ ஒரு சீட்டின் அடியில் இன்னும் இருக்கும்.

6,600 முடிவுகளை எந்த மனிதனும் எடுக்க மாட்டான். எல்லாருக்கும் எல்லாம் என்று ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போவான். இதைத் தவிர்க்கத்தான் குழு. பட்டியலில் ஆளின் பெயருக்குப் பதில் குழுவின் பெயரை எழுதுவது. நான்கு குழு, இருபது கோப்புறை: 80 வரிகள். யார் எந்தக் குழு என்பதற்கு 30 வரிகள். மொத்தம் 110. புதிதாக ஒருவர் விற்பனையில் சேர்ந்தால் ஒரே ஒரு வரி. மல்டிக்ஸில் இது முதலிலேயே இருந்தது. அங்கே ஒருவருடைய அடையாளமே ‘ஆள், திட்டம்’ என்று சேர்ந்துதான் எழுதப்படும். ஆள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரம் போட்டால் அந்தத் திட்டத்தில் உள்ள அனைவரும் என்று பொருள். பிறகு வந்த யூனிக்ஸ் இதைச் சுருக்கி, ஒரு கோப்புக்கு உடையவர் ஒருவர், குழு ஒன்று, மற்றவர்கள் என மூன்றே தரப்பு, தரப்புக்கு மூன்று உரிமை என ஒன்பது குறிகளில் அடக்கியது. அழகான சிக்கனம். ஆனால் ஒரு கோப்புறையை ஆசிரியர் குழு திருத்தலாம், கணக்குப் பிரிவு வாசிக்கலாம், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல அந்த ஒன்பது குறிகள் போதாது. குழு ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது.

குழு என்பது ஆட்களின் தொகுப்பு. அதையே உரிமைகளின் தொகுப்பாகத் திருப்பிப் பார்த்தால் பொறுப்பு. 1992-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்டில் ஃபெராயோலோ, கூன் இருவரும் இந்தப் பார்வையைப் பொறுப்புவழி அணுகல் என்று முறைப்படுத்தினார்கள். ராயல்டி பில்லை ஒப்புக்கொள்கிற பொறுப்பும் பணத்தை அனுப்புகிற பொறுப்பும் ஒரே ஆளிடம் சேரக் கூடாது என்பது போன்ற விதிகளை இதில் எழுத முடியும். நாற்காலிக்குத்தான் உரிமை, உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை என்பது நம்மூர் அலுவலகங்களுக்குப் புதிய தத்துவம் ஒன்றும் இல்லை.

ஆனால் குழுக்கள் வந்ததும் ஒரு புதுக் குழப்பமும் வந்தது. விற்பனை மேலாளர் புத்தகத் தேர்வுக் கூட்டத்திலும் உட்காருகிறார்; ஆகவே அவர் இரண்டு குழுவில். கையெழுத்துப் பிரதிகள் கோப்புறையில் ஆசிரியர் குழுவுக்கு எல்லா உரிமையும், விற்பனைக்கு வாசிப்பு மட்டும். அவருக்கு எது? இரண்டையும் கூட்டுவதா, இரண்டில் ஒன்றை மட்டும் எடுப்பதா? அவர் பெயரிலேயே தனியாக ஒரு வரி இருந்தால் அது மற்ற இரண்டையும் தள்ளிவிடுமா? ஆர்.எஃப்.சி. 4314 இதற்கு ஒரே விடை சொல்லாமல் சர்வர் எழுதுகிறவர்களிடம் விட்டுவிட்டது. சில சர்வர்கள் கூட்டுகின்றன. டவ்காட் என்ற பரவலான சர்வர் ஒரு முன்னுரிமை வரிசை வைத்திருக்கிறது. அதில் ஆளின் சொந்தப் பெயரில் உள்ள வரி, அவருடைய குழுவின் வரியை வெல்லும். போதாததற்கு, பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டு ‘இவருக்கு மட்டும் இது கூடாது’ என்று எழுதவும் விதி இடம் தருகிறது.

விளைவு, ஒரே சீட்டை இரண்டு காவலாளிகள் இரண்டு விதமாகப் படிக்கலாம். எனவே சீட்டைப் பார்த்து மனக்கணக்குப் போடுவது ஆபத்து. அதற்குத்தான் ஐமேப்பில் ‘என் உரிமைகள் என்ன’ என்று கேட்கும் கட்டளை இருக்கிறது. அந்த ஆளாகவே உள்ளே போய்க் கேட்டால், எல்லாக் கூட்டல் கழித்தலும் முடிந்த பிறகு மிச்சம் என்ன என்று சர்வர் எழுத்துகளாகச் சொல்லும். பட்டியல் நம் எண்ணத்தைச் சொல்கிறது, இந்த விடை நடப்பைச் சொல்கிறது. நிர்வாகிகள் முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதைக் கேட்காமல் போய்விடுகிறார்கள் என்பது என் நீண்ட நாள் புகார்.

பதினோர் எழுத்துகளில் முக்கியமான ஒன்றை இதுவரை விளக்கவில்லை: ஏ. ஆளுதல். பட்டியலையே மாற்றும் உரிமை. மற்றப் பத்தும் கடிதங்களையும் கோப்புறைகளையும் பற்றியவை, இது மற்றப் பத்தையும் பற்றியது. விற்பனை மேலாளருக்கு ஏ கொடுத்தால் அவர் தம் உதவியாளருக்கு ஏ கொடுக்கலாம், உதவியாளர் அச்சுப் பிரிவில் நண்பருக்கு. இன்று ராயல்டி கோப்புறையைப் பார்க்க முடியாத ஒருவர், யாரும் விதியை மீறாமலே, என்றாவது பார்க்க முடிகிற நிலைக்கு வந்துவிடுவாரா? உரிமை இப்படியே கசிந்து எதுவரை போகும் என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு கணினி நிரலை எழுத முடியுமா?

1976-இல் மைக்கேல் ஹாரிசன், வால்டர் ரூஸோ, ஜெஃப்ரி உல்மன் மூவரும் இதற்கு விடை கண்டார்கள். பொதுவாக, எந்த அமைப்புக்கும் பொருந்தும்படி அப்படி ஒரு நிரலை எழுதவே முடியாது. கடினம் என்பதல்ல, நேரம் பிடிக்கும் என்பதல்ல, முடியாது. இதை எப்படி நிறுவினார்கள் என்பது ரசமானது. ஆலன் டூரிங் 1936-இல் கற்பனை செய்த நாடா இயந்திரத்தை எடுத்துக்கொண்டார்கள். லாம்ப்சனின் கட்டங்களில் உரிமைகளைச் சேர்ப்பதும் நீக்குவதும் புது வரிசைகளை உண்டாக்குவதுமாகவே அந்த இயந்திரத்தின் ஒவ்வோர் அசைவையும் நடித்துக்காட்ட முடியும் என்று காட்டினார்கள். இயந்திரம் நின்றால் ஓர் உரிமை கசியும், நிற்காவிட்டால் கசியாது. ஓர் இயந்திரம் நிற்குமா என்று பொதுவாகச் சொல்ல வழியில்லை என்பது ஏற்கெனவே தெரிந்த உண்மை. ஆகவே கசிவைப் பற்றியும் சொல்ல வழியில்லை. நம் பதிப்பகம் பயப்பட வேண்டாம். உரிமை வழங்கும் விதிகளை எளிமையாக, ஒரு கட்டளைக்கு ஒரு மாற்றம் என்று கட்டுப்படுத்தினால் கேள்விக்கு விடை உண்டு என்றும் அதே கட்டுரை காட்டியது. ஏ என்ற எழுத்தைக் கஞ்சத்தனமாகக் கொடுக்கும் நிர்வாகிக்குப் பின்னால் ஒரு கணிதத் தேற்றம் நிற்கிறது. அவருக்கு அது தெரியாமலும் இருக்கலாம்.

அதற்கு முந்தின ஆண்டு, 1975-இல், மல்டிக்ஸ் அனுபவத்திலிருந்து சால்ட்ஸர், ஷ்ரோடர் இருவரும் எட்டு விதிகள் எழுதினார்கள். வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் உரிமை வேண்டாம் என்பது ஒன்று. ஒன்றும் எழுதாத கட்டத்துக்கு ‘இல்லை’ என்றே பொருள் கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தவறுதலாக ஒருவரை விட்டுவிட்டால் மறுநாள் காலையே அவர் வந்து சண்டை போடுவார், சரிசெய்துவிடலாம். தவறுதலாக ஒருவரைச் சேர்த்துவிட்டால் அவர் வந்து சொல்ல மாட்டார்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. நம் பதிப்பகம் ஸ்டாலுக்குக் கல்லூரி மாணவர்கள் ஆறு பேரைத் தற்காலிகமாக எடுக்கிறது. ‘காட்சி’ என்று ஒரு குழு. ஆர்டர்கள் கோப்புறையில் அதற்கு எல், ஆர், எஸ் மட்டும். ஆறு பேரும் தங்கள் கைபேசியிலேயே ஆர்டர்களைப் பார்த்துப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறார்கள். காட்சி முடிந்த மறுநாள் நிர்வாகி அந்தக் குழுவிலிருந்து ஆறு பெயர்களையும் எடுத்துவிடுகிறார். எந்தக் கோப்புறையின் சீட்டையும் தொடவில்லை. ஒரு மாணவராக உள்ளே போய் ‘என் உரிமைகள் என்ன’ என்று கேட்டுப் பார்க்கிறார். அப்படி ஒரு கோப்புறை இல்லை என்கிறது சர்வர். அந்த மாணவரின் கைபேசியில் ஏற்கெனவே இறங்கியிருக்கும் ஆர்டர் கடிதங்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.